துரியான் பூவுக்கு வரும் வௌவால்களை விரட்டலாமா?

முடோன் தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் மௌல்மீனுக்குத் தெற்கே, முடோனை ஒட்டிய மலைச்சரிவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. தாத்தா காலத்தில் ரப்பரும் பாக்கும் மட்டுமே இருந்த அந்த நிலத்தில், என் தந்தையார் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நாற்பது துரியான் ஒட்டுக்கன்றுகளை நட்டார். மரங்கள் நன்றாக வளர்ந்து சில ஆண்டுகள் நல்ல காய்ப்பும் தந்தன. ஆனால் கடந்த மூன்று ஆண்டுகளாகப் பூ மட்டும் கிளை கொள்ளாமல் பூக்கிறது; காய் பிடிப்பதில்லை. பிடிக்கிற சில காய்களும் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிக் கோணலாக நிற்கின்றன. சந்தையில் அவற்றை யாரும் நல்ல விலைக்குக் கேட்பதில்லை.

இந்த ஆண்டும் பொங்கல் கழிந்து பூ விரியத் தொடங்கியிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் தோட்டத்துக்குப் போனால், ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வௌவால்கள் வந்து வந்து போவதைக் காண்கிறேன். காலையில் மரத்தடியில் இதழ்கள் பாய் விரித்தாற்போல் கிடக்கின்றன. பக்கத்து ரப்பர்த் தோட்டக்காரரான மோன் இனப் பெரியவர், வௌவால்கள்தாம் பூவைக் கடித்துப் போடுகின்றன என்றும், பழைய மீன்வலையை மரத்தைச் சுற்றிக் கட்டினால் போதும் என்றும் சொல்கிறார். வலை வாங்கிவிட்டேன், ஆனால் கட்டுவதற்குக் கை வரவில்லை. இவை உண்மையிலேயே பூவைத் தின்கின்றனவா? விரட்டினால் காய்ப்பு கூடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ரங்கூன் ஆசிரியர் எழுதியது:

வணக்கம் தம்பி. வலையைக் கட்டாமல் இங்கே கேட்டது நல்லதாயிற்று. நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்தவன். உங்கள் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது.

முதலில் ஒரு செய்தி. துரியான் பூவுக்கு வரும் வௌவால்களில் முதன்மையானது குகையில் வாழும் தேனுண்ணி வௌவால். அறிவியல் உலகம் அதை முதன்முதலில் அறிந்துகொண்டது உங்கள் பக்கத்து ஊரிலிருந்துதான். மௌல்மீனுக்கு அருகில், அத்தரான் ஆற்றுப் பக்கம் இருக்கும் சுண்ணாம்புக் குகைகளை ஆங்கிலேயர் 'பார்ம் கேவ்ஸ்' என்று அழைத்தார்கள். கயோன் குகை என்று நாம் சொல்வது அதைத்தான். அங்கே பிடிக்கப்பட்ட வௌவாலை வைத்து, டாப்சன் என்ற இராணுவ மருத்துவர் 1871இல் இதைத் தனி இனமாக விவரித்தார். இயோனிக்டெரிஸ் ஸ்பெலேயா என்ற அதன் பெயரில் உள்ள பிற்பகுதிக்குக் குகைக்குரியது என்று பொருள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே உலகப் பதிவேட்டில் ஏறிய உங்கள் மண்ணின் உயிர் அது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த வௌவால் சுமார் 50 கிராம் முதல் 80 கிராம் வரை எடையுள்ள சிறிய விலங்கு. நீண்ட மூக்கும், அதைவிட நீண்டு வெளியே வரும் நாக்கும் உடையது. நாக்கின் நுனியில் தூரிகை மயிர்போல் மெல்லிய முட்கள் இருக்கும். பற்கள் சிறுத்துப் போனவை. கெட்டியான காயைக் கடிப்பதற்கு ஏற்றவை அல்ல. பூவின் மேல் ஓரிரு நொடிகள் தொற்றிக்கொண்டு, முகத்தை உள்ளே நுழைத்துத் தேனை நக்கிவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் முகத்திலும் மார்பிலும் உள்ள மயிரில் மகரந்தம் அப்பிக்கொள்ளும். அதன் உணவே தேனும் மகரந்தமுந்தான். புரதத்தை மகரந்தத்திலிருந்து பெற்றுக்கொள்கிறது. குகைக்குத் திரும்பியபின் உடலை நக்கித் துப்புரவு செய்யும்போதும் அந்த மகரந்தத்தையே விழுங்குகிறது.

துரியான் பூவின் அமைப்பையும் பாருங்கள். பிற்பகலில் விரியத் தொடங்கி, மாலையில் புளித்த பால் போன்ற கனத்த மணத்தை வீசுகிறது, நிறம் வெளுப்பு, தேன் ஏராளம், அரும்புகள் இலை மறைவில் இல்லாமல் பெருங்கிளைகளின் அடிப்பக்கத்தில் கொத்தாகத் தொங்குகின்றன. மகரந்தப்பைகள் வெடிப்பதோ இருட்டிய பிறகு, ஏழு எட்டு மணி அளவில். பகலில் வரும் வண்டுக்கோ பறவைக்கோ இந்த ஏற்பாடு பொருந்தாது. இருட்டில் மணத்தைப் பிடித்து வந்து, கிளைக்கடியில் தொங்கக்கூடிய ஓர் உயிருக்காக ஏற்பட்ட பூ இது. மலைத்தேனீ அந்தியில் வருவதுண்டு; அது மகரந்தத்தைத் திரட்டிக்கொண்டு போவதில்தான் குறியாக இருக்கும். மரத்துக்கு மரம் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பதில் வௌவாலுக்கு ஈடில்லை.

மரத்தடியில் கிடக்கும் இதழ்களைக் கண்டு கலங்க வேண்டாம். துரியான் பூவின் இதழ்களும் மகரந்தத் தாள்களும் அன்றிரவே தாமாக உதிர்ந்துவிடும். அது அதன் இயல்பு. ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். காலையில் கிளையை அண்ணாந்து பாருங்கள். இதழ் போன இடத்தில் சூலகமும், அதிலிருந்து நீண்ட ஒற்றைத் தண்டும், அதன் நுனியில் உருண்டையான சூல்முடியும் அப்படியே தொங்கினால், அந்தப் பூவை எந்த வௌவாலும் தின்னவில்லை என்று பொருள். தின்றிருந்தால் அடியோடு போயிருக்கும்.

மலேசியாவின் தியோமான் தீவில் துரியான் மரங்களில் தானியங்கிப் படக்கருவிகளைக் கட்டி ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். அங்கே வந்தவை இவற்றைவிடப் பல மடங்கு பெரிய பழந்தின்னி வௌவால்கள். அவைகூடப் பூவைச் சிதைக்காமல் தேனை மட்டும் குடித்துச் சென்றதைப் படங்கள் காட்டின. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் வௌவால் மட்டும் அண்ட முடியாதபடி பூக்களைத் தடுத்துப் பார்த்தபோது காய்ப்பு வெகுவாகக் குறைந்தது. ஒரு ஹெக்டேருக்கு ஒரு பருவத்தில் சுமார் 117 அமெரிக்க டாலர் மதிப்புள்ள வேலையை வௌவால்கள் செய்கின்றன என்று 2019இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். வலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

ஆனால் ஒன்று. வௌவால் இவ்வளவு வந்தும் உங்களுக்குக் காய் பிடிக்கவில்லை என்றால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதைத் தோட்டம் வைத்திருப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

தன்பியூசயாத் பாக்குத்தோப்பு எழுதியது:

தம்பி, ஆசிரியர் ஐயா சொன்னதைக் கேளுங்கள். நான் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு உங்களைப் போலவே மீன்வலை வாங்கிக் கட்டிவிட்டவள். முதல் இரவே பதினோரு வௌவால்கள் சிக்கிக்கொண்டன. விடியற்காலையில் அறுத்து விடுவிக்கப் போனபோது ஏழு இறந்துவிட்டன. அவற்றில் ஒரு தாயின் மார்பைக் கவ்வியபடி குட்டியும் இருந்தது. இவை ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றின் முகமும் மஞ்சள் பூசியது போல மகரந்தமாக இருந்தது. வாயில் ஓர் இதழ்த் துணுக்குக்கூட இல்லை. அந்த முகங்களை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அந்த ஆண்டு காய்ப்பும் பாதிக்கும் கீழே போயிற்று. பூ நாளில் ஓர் இரவு மழையும் பெய்தது என்பதால் முழுப் பழியையும் வலைமேல் போட மாட்டேன். ஆனால் வலை கட்டாத ஆண்டுகளில் அப்படி ஒரு காய்ப்பை நான் கண்டதில்லை.

உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நாற்பது மரமும் ஒட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்த ஒட்டா, பல மரங்களிலிருந்து எடுத்ததா? தோட்டத்தில் விதையிலிருந்து வந்த மரம் ஏதேனும் இருக்கிறதா? கோணல் காய் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு இந்த ஐயம்தான் முதலில் வந்தது.

முடோன் தோட்டம் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. இன்று காலை ஏணி வைத்து ஏறி, மூன்று மரங்களில் ஐந்து ஐந்து கொத்துகளைப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே ஏறக்குறைய எல்லாப் பூவிலும் சூலகமும் தண்டும் பழுதில்லாமல் தொங்குகின்றன. பக்கத்துப் பெரியவரையும் அழைத்து வந்து காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இத்தனை ஆண்டும் தவறாக நினைத்துவிட்டேன் என்றார்.

அம்மா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நாற்பதும் ஒரே தாய்மரத்து ஒட்டுகள்தாம். அந்த மரத்துப் பழம் சதைப்பற்றாக இருந்ததால் என் தந்தையார் வேறு எதையும் வாங்கவில்லை. கிணற்றடியில் தாத்தா விதை போட்டு வளர்த்த இரண்டு பழைய மரங்கள் இருந்தன. பழம் சிறியது, கொட்டை பெரியது என்பதால் அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. வண்டி வர வழி அகலப்படுத்த வேண்டியிருந்ததால் அவற்றை வெட்டிவிட்டோம். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: வெட்டி நான்கு ஆண்டுகள் ஆகின்றன, காய்ப்பு குறைந்தது அதற்கு அடுத்த பூப் பருவத்திலிருந்துதான்.

தன்பியூசயாத் பாக்குத்தோப்பு எழுதியது:

நான் ஐயப்பட்டது அதுதான் தம்பி. துரியானில் பெரும்பாலான வகைகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒட்டுக்கன்று என்பது தாய்மரத்தின் கிளைதான். நாற்பது மரம் நிற்பதாக நமக்குத் தோன்றினாலும், பூவைப் பொறுத்தவரை அது ஒரே மரம். வௌவால் இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்கு எவ்வளவு மகரந்தம் சுமந்தாலும் சூல்முடி அதை ஏற்றுக்கொள்ளாது. கிணற்றடியில் நின்ற அந்த இரண்டு மரங்கள்தாம் இத்தனை நாளும் உங்கள் தோட்டத்துக்கே மாப்பிள்ளையாக நின்றிருக்கின்றன. கோணல் காயும் இதனால்தான்: பழத்துக்குள் இருக்கும் ஐந்து அறைகளில் எந்த அறையில் விதை கூடவில்லையோ அந்தப் பக்கம் சூம்பிவிடும்.

இப்போது செய்யக்கூடியது இரண்டு. நெடுநாளைக்கு வேண்டியது, நாலைந்து மரங்களில் ஓரிரு கிளைகளை வெட்டி வேறு இரண்டு மூன்று வகைகளின் ஒட்டைக் கட்டுவது. ஓரமாகச் சில விதைக்கன்றுகளையும் நட்டு வையுங்கள். இந்தப் பருவத்துக்கு வேண்டியது, கையால் மகரந்தம் சேர்ப்பது. பக்கத்தில் வேறு வகைத் துரியான் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பூ நாளில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அடித்தே தீர வேண்டும் என்றால் அரும்பு விரியும் முன்பே முடித்துவிடுங்கள்.

பியாப்பொன் படகோட்டி எழுதியது:

இந்த உரையாடலைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. துரியான் எங்கள் பக்கம் விளைவதில்லை. எங்களுடையது ஐராவதிக் கழிமுகம். ஆனால் எங்கள் ஓடைக்கரைகளில் லமு என்னும் சதுப்பு மரம் உண்டு. அந்திக்குப் பிறகு பூக்கும்; சவரத் தூரிகை போல மகரந்தத் தாள்கள் விரிந்து நிற்கும்; விடிந்தால் எல்லாம் தண்ணீரில் மிதக்கும். படகை அங்கே கட்டிப் படுத்தால் இரவு முழுவதும் வௌவால் சிறகடிக்கும் ஓசை கேட்கும்.

மலேசியாவில், முருகன் கோயில் இருக்கும் பத்துமலைக் குகைகளில் 1970களில் இதே குகை வௌவாலை ஆராய்ந்தார்கள். குகைத் தரையில் கிடந்த எச்சத்தைச் சோதித்து, 30க்கும் மேற்பட்ட தாவரங்களின் மகரந்தம் அதில் இருப்பதைக் கண்டார்கள். கடற்கரைச் சதுப்பில் நிற்கும் லமு வகை மரங்களைத் தேடி அவை 38 கிலோமீட்டர் வரை பறந்து போவதும் தெரியவந்தது. துரியான் பூப்பது ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே. மீதிக் காலம் அந்த வௌவாலுக்குச் சோறு போடுவது சதுப்பு மரமும், காட்டு வாழையும், இலவ மரமுந்தான். 2008 மே மாதத்தில் நர்கிஸ் புயல் அடித்தபோது, மரம் அடர்ந்து நின்ற கரைகள் அலையின் வேகத்தை எவ்வளவு தாங்கின என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணால் கண்டவர்கள். அப்படியும் விறகுக்கும் இறால் குளத்துக்கும் மரத்தை வெட்டுவது நிற்கவில்லை. நாங்கள் வெட்டும் ஒவ்வொரு லமு மரத்தின் இழப்பும் கழிமுகத்தோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ரங்கூன் ஆசிரியர் எழுதியது:

படகோட்டித் தம்பி சொன்னதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதோடு சிலவற்றைச் சேர்க்க வேண்டும். நாம் சுட்டுத் தின்னும் சௌங்ஷா காய், வாள் போல நீண்டு தொங்குமே, அந்த மரமும் இரவில் பூத்து விடியுமுன் பூவை உதிர்ப்பது; அதன் காய்ப்பும் இந்தக் குகை வௌவாலை நம்பியே இருக்கிறது. லெப்பான் என்று பர்மியர் சொல்லும் முள்ளிலவு மரத்தின் சிவந்த பூவுக்குப் பகலில் மைனாவும் காக்கையும் வரும். இரவில் வௌவால் வரும். காட்டு வாழைக்கு வருவது வேறோர் இனம். 20 கிராமை ஒட்டிய எடையுள்ள அந்தச் சிறு வௌவால் குகைக்குள் போகாமல் சுருண்ட வாழையிலைக்குள்ளேயே தங்கும். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வாழைக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை, அது விதையின்றியே காய்க்கும். ஆனால் மலைச்சரிவில் தானாக முளைக்கும் வாழைக்கு இந்த வௌவால் வேண்டும்.

இவற்றை இருட்டில் கண்ணும் மூக்குமே பெரும்பாலும் நடத்துகின்றன. பூச்சி தின்னும் வௌவால்களைப் போலத் தொண்டையால் ஒலி எழுப்பி எதிரொலி கேட்கும் திறன் இவற்றுக்கு இல்லை. ஆனால் சிறகால் சொடுக்கொலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு முழு இருட்டில் ஓரளவு வழி கண்டுகொள்கின்றன என்று 2014இல் கண்டறிந்தார்கள். படகோட்டித் தம்பி கேட்ட சிறகோசையைப் படித்ததும் அது நினைவுக்கு வந்தது.

எனக்குள்ள பெரிய கவலை குகைகளைப் பற்றியது. மோன் மாநிலத்திலும் காயின் மாநிலத்திலும் சுண்ணாம்பு மலைகளைச் சிமெண்டுக்காக உடைக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் கூடி வாழும் உயிருக்கு ஒரு குகை போனால் ஓர் ஊரே போனது போல. சில குகைகள் தப்பியிருப்பதற்குக் காரணம், உள்ளே புத்தர் சிலைகள் இருப்பதும், அங்குள்ள பிக்குகள் உயிர்க்கொலைக்கு இடம் கொடுக்காததும்தான். தமிழ்நாட்டிலும் ஆலமரத்து வௌவால்கள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் இருக்கின்றன. சட்டம் காக்காததை நம்பிக்கை காத்திருக்கிறது.

புதிய வாசகர் எழுதியது:

நல்ல உரையாடல். ஆனால் வௌவாலால் நோய் வரும் என்கிறார்களே, வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். தோட்டத்தில் வௌவாலை விட்டு வைக்கலாமா?

ரங்கூன் ஆசிரியர் எழுதியது:

நியாயமான கேள்வி. கேரளத்தில் 2018இல் நிபா தொற்று வந்தபோது எல்லோரும் அஞ்சினார்கள். அந்தக் கிருமியைச் சுமப்பவை பெரிய பழந்தின்னி வௌவால்கள். வங்கதேசத்தில் அது பெரும்பாலும் பரவியது, இரவில் வௌவால் வாய் வைத்த ஈச்சம்பதநீரைக் காய்ச்சாமல் குடித்ததால். ஆகவே பனையிலோ ஈச்சிலோ கலயம் கட்டுபவர்கள் வாயை மூடிக் கட்ட வேண்டும். வௌவால் கடித்த பழத்தை உண்ணக் கூடாது. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது. கடித்துவிட்டால் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். பிடிப்பதும் கொன்று சமைப்பதும்தான் ஆபத்தை வீட்டுக்குள் கொண்டு வரும். இரவில் மரத்துக்கு வந்து தேன் குடித்துப் போகும் வௌவாலை எட்ட நின்று பார்ப்பதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

முடோன் தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு மடத்து வளாகத்தில் விதையில் வந்த பழைய துரியான் மரங்கள் மூன்று பூத்திருக்கின்றன. தலைமைப் பிக்குவிடம் கேட்டேன்; வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பூவை எப்போது பறிப்பது, எதில் வைப்பது என்று அம்மா சொல்ல வேண்டும்.

தன்பியூசயாத் பாக்குத்தோப்பு எழுதியது:

மாலை நாலு ஐந்து மணிக்குள், அன்று விரியும் பூவாகப் பார்த்துப் பறியுங்கள். மகரந்தத் தாள்களை மட்டும் கத்தரித்துச் செய்தித்தாளில் பரப்பி வையுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்துக் கெட்டுவிடும். ஏழரை மணிக்கு மேல் மகரந்தப்பைகள் வெடித்து மகரந்தம் தூளாகத் தெரியும். மெல்லிய தூரிகையில் எடுத்து, உங்கள் மரத்துப் பூவின் சூல்முடியில் தொட்டு வையுங்கள். அன்றிரவே முடித்துவிடுங்கள். செய்த கொத்துக்கெல்லாம் நூல் கட்டுங்கள்; இல்லாவிட்டால் பிறகு எது காய்த்தது என்று தெரியாது. எல்லாவற்றையும் காய்க்க விட வேண்டாம், ஒரு கொத்தில் ஒன்றிரண்டு நின்றால் போதும்.

முடோன் தோட்டம் எழுதியது:

நேற்று இரவு முடித்தோம். என் மகள் விளக்குக்குச் சிவப்புத் தாள் சுற்றிப் பிடித்தாள். பக்கத்துப் பெரியவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான்கு மரங்களில் அறுபத்திரண்டு பூக்களுக்கு மகரந்தம் வைத்துச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். நாங்கள் ஒரு கிளையில் இருக்கும்போதே வௌவால்கள் அடுத்த கிளைக்கு வந்து போயின. ஒன்று என் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது, அதன் நாக்கைக்கூடப் பார்த்தேன். மடத்திலிருந்து இரண்டு மரத்து ஒட்டுக்குச்சிகளை மழைக்கு முன்பு தருவதாகப் பிக்கு சொல்லியிருக்கிறார். வலையைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கோழிக்கூண்டுக்குச் சுற்றிக் கட்டிவிட்டேன். பத்து நாளில் பிஞ்சு நின்றதா என்று பார்த்து எழுதுகிறேன்.